பாத்துக்கோங்க

பூனை மிக்சருக்கு மயக்க ஊசி போட்டு உள்ளே கொண்டுபோன முக்கால் மணி நேரத்தில், கால்நடை மருத்துவமனையின் உதவியாளர் பெண் எவர்சில்வர் தட்டோடு வெளியே வந்தாள். "பூனைக்கு யார் வந்திருக்கீங்க? கர்ப்பப்பை எடுத்தாச்சு, பாத்துக்கோங்க." பெஞ்சிலிருந்து குணசீலன்தான் முதலில் எழுந்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்துமதிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோதும் புருஷன் என்று அவனைக் கூப்பிட்டுத்தான் தட்டைக் காட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று சொல்லி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். அவளும் தின்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்று இந்துமதி அவனைத் தாண்டிப் போய்த் தட்டின் முன் நின்றாள். பஞ்சின்மேல், நனைந்த நூல் இரண்டாகப் பிரிந்ததுபோல் ஒன்று கிடந்தது. "இவ்வளவுதானா?"

"பூனைக்கு இவ்வளவுதாம்மா இருக்கும்."

இந்துமதி திரும்பாமலே கேட்டாள். "ஏங்க, என்னோடது எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

குணசீலன் அளவு காட்ட இரண்டு கைகளையும் தூக்கினான். நடுவே எவ்வளவு இடம் விடுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. கைகள் விரிந்தன, குறுகின, மறுபடி விரிந்தன.

"நான் பாக்கல, இந்து. கண்ண மூடிக்கிட்டுத் தலைய ஆட்டிட்டேன்."

"போதுமாம்மா? உள்ள கொண்டுபோகணும்" என்று உதவியாளர் பெண் தட்டை இழுத்தாள். மறுபக்க விளிம்பை இந்துமதி பிடித்திருந்தாள்.