பூஜ்யச் செலவு

"பஸ்ஸுக்குப் பூஜ்யம், சாப்பாட்டுக்கும் பூஜ்யமா?" மாணவன் ஜெபாவின் மாத பட்ஜெட்டைப் பார்த்து மேடையிலேயே வியந்தார் சிறப்பு விருந்தினர் துளசிராமன். கும்மிடிப்பூண்டியில் பெரிய தொழிற்சாலையின் மேலாளர்.

கல்லூரியின் சிக்கனப் போட்டியில் முதல் பரிசு, அந்தக் கம்பெனி கட்டப்போகும் ஒரு வருட ஃபீஸ்.

"எப்படிப்பா சமாளிக்கிறே?"

"வாயக் கட்டிக்கினுதான் சார்."

அரங்கமே கைதட்டியது.

"எங்க கேன்டீன் கணக்குல தினமும் ஒரு சாப்பாடு உதைக்குது. லீவுல வந்து எங்க ஓட்டைன்னு கண்டுபிடி. கம்பெனி பஸ்லயே வா, கேன்டீன்லயே சாப்பிடு." காசோலையை நீட்டினார்.

"தேங்க்ஸ் சார். புதன்கிழமை மட்டும் வேணாம் சார், அந்தக் குருமாவ வாயில வைக்க முடியல."

நீட்டிய கை பாதியில் நின்றது.

"உன்ன எங்க யூனிஃபார்ம்ல பாத்திருக்கேனே?"

"அது எங்க அண்ணன் சட்டை சார். அவனுக்கு நைட் ஷிப்ட்."