அடியில் தங்கும் வெள்ளி

காலை வெயில் கூரை ஓட்டு இடுக்கு வழியாகக் கொலுசுப் பட்டறைக்குள் இறங்கி, பறக்கும் தூசியை மினுக்குகிறது. வெள்ளி பற்றவைக்கிற புகையால் வேலையாட்களின் உடம்புக்குள் உலோகம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வந்த நர்ஸ், சிறுநீர் பிடிக்கும் முன் கை கழுவச் சொல்கிறாள். ஏழு மாத வயிற்றைச் சாய்த்தபடி கொலுசு பற்றவைக்கும் மஞ்சுளா, பட்டறை மூலையில் இருக்கும் அண்டாவுக்குள்தான் கழுவுகிறாள். கையில் ஒட்டிய வெள்ளி வீணாகலாமா, அந்தத் தண்ணீரிலிருந்து முதலாளி அரித்தெடுப்பார். பிறகு பின்பக்கம் போய்வந்து, நிரம்பிய டப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். இளம்பொன் நிறத்தில் தெளிவாக இருக்கிறது.

“ஏனுங்க, கழுவுன தண்ணியில வெள்ளி அடியில தங்கிக்குது. உள்ளயும் அப்படித் தங்குமுங்களா?”

“லேப்ல பாத்துட்டுச் சொல்றோங்க,” என்று நர்ஸ் மூடியைத் திருகுகிறாள்.

அண்டாவில் கலங்கல் மெல்லத் தெளிகிறது. வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டு, அடியில் போய் அடங்குகிறது.