மூன்று டிக்

"போன் எடுத்ததும் முதல்ல என்ன கேட்பீங்க?"

"முகவரி, சார்."

தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையின் கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்த ஆபரேட்டர் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"பதறுற ஆள்கிட்ட கேட்டா தப்பாத்தாம்மா சொல்வான். முதல்ல ஆளை அணைக்கணும். அப்புறம்தான் தீயை."

அவரே தயாரித்த தாளை நீட்டினார். ரிலாக்ஸ், கூல் டவுன், டேக் இட் ஈஸி. ஒவ்வொன்றையும் சொன்னதும் பக்கத்துக் கட்டத்தில் டிக் போட வேண்டும். மூன்று டிக்கும் விழுந்த பிறகே முகவரி.

"தமிழ்ல சொல்லக் கூடாதா சார்?"

"தமிழ்ல சொன்னா எதிர்த்துப் பேசுவான். இங்கிலீஷ்ல சொன்னா அடங்கிடுவான்."

மிடுக்கான மனிதர்தான். ஆனால் சட்டையின் வலது கை மட்டும் விறைப்பாக நிற்க, இடது கை கசங்கிக் கிடந்தது. அவள் பார்வை போன இடத்தை அவர் கவனித்துவிட்டார்.

"பாதி இஸ்திரியில கரண்ட் போயிடுச்சு. நான் டென்ஷன் ஆனேனா? அப்படியே மாட்டிக்கிட்டுக் கிளம்பி வந்துட்டேன். அதான் பக்குவம்."

போன் அடித்தது. "நான் பேசுறேன், பாத்துக்கங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், தீப்பிடிச்சிருச்சு, உடனே வண்டி அனுப்புங்க."

"ரிலாக்ஸ்." முதல் டிக்.

"ஜன்னல் வழியா புகையா வருது சார்."

"உள்ள ஆள் இருக்காங்களா?"

"யாருமில்ல, பூட்டின வீடு. ஆனா..."

"அப்புறம் என்ன அவசரம்? கூல் டவுன்." இரண்டாவது டிக்.

"சார், முகவரியக் கேட்டுடலாமே" என்று கிசுகிசுத்தாள் அவள். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"திரைச்சீலை எரியுது சார். கட்டில், பீரோ எல்லாம் போயிடும்."

"போனா போகட்டும், வேற வாங்கிக்கலாம். மூச்சை நல்லா இழுத்து விடுங்க. டேக் இட் ஈஸி." மூன்றாவது டிக்கைப் பெரிதாகவே போட்டார். "இப்ப முகவரி சொல்லுங்க."

மறுமுனை நிஜமாகவே அடங்கியிருந்தது. நிறுத்தி நிதானமாக வந்தது பதில்.

"ஏழாவது தெரு, கடைசிக் கட்டடம், ரெண்டாவது மாடி. எங்க எதிர்வீடு சார். கரண்ட் திரும்பி வந்த கொஞ்ச நேரத்துல புகைய ஆரம்பிச்சுது."

அவள் மளமளவென்று முகவரியைத் தட்டி வண்டிக்கு உத்தரவு அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். கண்காணிப்பாளர் தன் சட்டையின் கசங்கிய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பாவமாக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் தாளைப் பார்த்தாள்.

"ரிலாக்ஸ், சார்."

"ரிலாக்ஸாவது மண்ணாங்கட்டியாவது. வண்டி கிளம்புச்சா இல்லையா? அது என் வீடும்மா."