வெந்தயத் தண்ணீரும் இரண்டு சுயாதீன நடுவர்களும்

சகலருக்கும் இத்தால் அறியத்தருவது: கல்முனைக் கரையோரத்தின் முதலாவது முறைசார் மீளாய்வு, லுஹர் தொழுகைக்குப் பின், கலாநிதி உதுமாலெப்பையின் இல்லத்தில் ஆரம்பமாகிவிட்டது.

சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, வெந்தயத் தண்ணீர் கேட்குமா? உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைத் திரட்டி, சொத்தையைக் கழித்து, மிஞ்சியதைக் கூட்டி ஒரே முடிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறையில், பகல் சாப்பாட்டோடு கலாநிதி கற்றுவந்த வித்தை அது.

முதல் விதி: ஒவ்வோர் ஆய்வையும் இரண்டு பேர், ஒருவரையொருவர் கேளாமல், சேர்ப்பதா கழிப்பதா என்று தீர்மானிக்க வேண்டும்.

ஒருவர் கலாநிதி. மற்றவர் அவருடைய மருமகன் இன்ஸாப்.

இன்ஸாப் குடியிருப்பது, மகளுக்குச் சீதனமாக மாமா தன் வளவுக்குள்ளேயே கட்டிக்கொடுத்த வீட்டில். இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஒரே டாங்கியிலிருந்துதான் வருகிறது. அத்தனை சுயாதீனம்.

போதாதற்கு, மாமா வீட்டு ஹோலில் இருவருக்கும் நடுவே ஒரு திரைச்சீலை வேறு.

திரைக்கு இப்பால் இன்ஸாபின் விரல் மடிக்கணினியில் அப்படியே நின்றது.

ஆசிரியர் பெயரைக் கறுப்படித்து மறைத்த ஓர் ஆய்வு. பக்கச்சார்பு வரக்கூடாதல்லவா! அதே கட்டுரைதான் அவன் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள், மாமாவின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

எட்டே நோயாளிகள். ஒப்பிட்டுப் பார்க்க, வெந்தயத் தண்ணீர் குடிக்காத ஒரு குழுகூட இல்லை. அப்படிப்பட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு கழி என்று விதி எழுதியவரும் மாமாதான்.

முடிவு மட்டும் பிரமாதம். ஏழாம் நோயாளி பூரண குணம்.

கழித்தால் ஆராய்ச்சி தப்பும். இன்ஸாப் இந்த வளவுக்குள் தப்புவானா என்பது வேறு ஆராய்ச்சி.

திரைக்கு அப்பாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மருமகன், அந்தக் கல்முனை ஆய்வுக்கு வந்திட்டீங்களா? நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீங்க சுயமா யோசிச்சுப் போடுங்க. நல்ல ஆய்வெண்டு கேள்வி."

"ஓம் மாமா," என்றான் இன்ஸாப். சேர்த்துவிட்டான்.

திரையை விலக்கி இருவர் தீர்ப்பையும் ஒப்பிட்டார்கள். நூறு வீத உடன்பாடு. கொழும்புக்காரர்களுக்கே இப்படி வந்ததில்லை என்று கலாநிதி பூரித்துப்போனார்.

இனிப்புச் சொட்டச் சொட்ட வட்டிலப்பம் வந்தது.

கலாநிதியின் மனைவி றஹீமா மாமி தனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தார். பிறகு பிரிட்ஜைத் திறந்து, இன்சுலினை எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டார்.

ஏழாம் நோயாளி அவர்தான்.