தலைமாட்டில் புங்கை

பிரஷர் மறுபடியும் ஏறியிருந்தது.

நர்ஸ் அமலோற்பவம் அப்பாவின் கையிலிருந்த பட்டையைக் கழற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

பிரஷர் இறங்கினால்தான் நாளைக்கு இதய ஆபரேஷன். தள்ளிப்போட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

அவள் வரைந்த ஜன்னல். இந்த ஆஸ்பத்திரிக் கட்டடமே அவள் வரைந்ததுதான். பச்சையைப் பார்த்துக் கிடந்தால் நோயாளிக்குப் பதற்றம் தணியும், பிரஷர் இறங்கும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு அறையிலும் தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தாள். படுத்தபடியே மரம் தெரிகிற மாதிரி கட்டில்களைப் போட்டாள். வெளியே புங்கை மரங்கள் தழைத்து நின்றன.

ஊருக்கெல்லாம் இறங்கும் பிரஷர் பெற்ற அப்பனுக்கு மட்டும் ஏறுகிறது. என்ன கூத்து இது!

"ராத்திரி பூரா ஐயா பொட்டுத் தூக்கமில்ல மேடம். உட்கார்ந்தே இருக்கார்."

"ஏம்ப்பா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. மரம் நல்லாத்தான் இருக்கு."

அமலோற்பவத்துக்குப் பொறுக்கவில்லை.

"வடக்க தலைய வச்சு யாரு மேடம் படுப்பா? இந்த வரிசையில எல்லா ரூம்லயும் தலகாணிய மாத்திப் போட்டுட்டாங்க. பொண்ணு கட்டுனதுன்னு ஐயாதான் வாயத் திறக்கல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வடக்கே தலை வைத்தால் சாவு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். வரைபடம் ஒவ்வொன்றின் மூலையிலும் வடக்கு எதுவென்று அம்புக்குறி போட்டவளே அவள்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டாள்.

அப்பா மெல்லத் திரும்பிப் படுத்தார். எதிரே வெறும் சுவர். ஒரு ஸ்விட்ச் பெட்டி.

"மரம் பின்னாடி இருக்குல்ல?"

"இருக்குப்பா."

"இருக்கட்டும்."

அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். சாயங்காலம் பிரஷர் இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது. கூப்பிடும்வரை அறையில் இருக்கச் சொன்னார்கள்.

கட்டில் காலியாக இருந்தது.

தலையணையைப் பழைய இடத்தில், தான் வரைந்த இடத்தில் வைத்தாள். படுத்தாள்.

மரம் முழுசாகத் தெரிந்தது. இலைகள் அசைந்தன. ஓர் அணில் கிளை மாறியது. நினைத்தது நினைத்தபடியே இருந்தது. மனசு கொஞ்சம் லேசானது.

அப்பா உள்ளே இருந்தார்.

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

தலையணையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.