சிவப்பா, வெளிர்நீலமா?

"சிவப்பே இருக்கட்டுமே," என்றார் அவர், மூன்றாவது தடவையாக.

"வேண்டாம், கண்ணு எரியும்," என்றார் உடன் வந்த பெண்மணி. "தினமும் பார்க்கப்போறது நான்தானே?"

கார் விற்பனையாளனுக்கே பாவமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து சிவப்புக் கார்தான் ஆசை என்று மனிதர் வந்ததுமே சொல்லியிருந்தார். கறுப்பைக் காட்டினான், பார்த்தாலே மனசு இருண்டு போகிறதாம். வெள்ளை வெயிலில் கூசுமாம். ஒரு மணி நேர இழுபறிக்குப் பிறகு வெளிர்நீலத்துக்குப் பெண்மணி தலையாட்டினார். மனிதர் பெருமூச்சுடன் கையெழுத்துப் போட்டார்.

பெண்மணி தண்ணீர் குடிக்க நகர்ந்ததும் விற்பனையாளன் குனிந்து ஆறுதல் சொன்னான். "எல்லா வீட்லயும் இதே கதைதான் சார். வீட்டம்மா சொன்னா கேட்டுத்தான் ஆகணும்."

"என் வீட்டுக்காரியும் சிவப்புதான் கேட்டா, தம்பி."

"அப்போ இவங்க?"

"எதிர்வீட்டு அக்கா. எங்க வீட்ல காரை நிறுத்த இடமில்லை. அவங்க வாசல்ல, ஜன்னலுக்கு நேரா நிறுத்திக்கச் சொன்னாங்க. ஆனா கலர் அவங்க இஷ்டம்."

அதற்குள் காரின் பக்கத்திலிருந்து பெண்மணியின் குரல் கேட்டது.

"தம்பி, இதோட ஹாரனைக் கொஞ்சம் அடிச்சுக் காட்டுங்க."