அஞ்சு பங்கு வேகம்

“சாயந்தரத்துக்குள்ள சர்வர்ல அந்தப் பாதுகாப்பை ஆஃப் பண்ணிடுங்க. இல்லேன்னா ராஜினாமாவை எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க,” என்றார் மேனேஜர்.

முதலாளியின் மச்சினன் என்ற ஒரே தகுதியில் மேனேஜரானவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது மெதுவாக இருக்கிறது என்பதுதான். பாதுகாப்பை எடுத்தால் வேகம் கூடும் என்று யாரோ போனில் அனுப்பியதைப் படித்துவிட்டு, காலையிலிருந்து அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

சர்வர்களின் அடிமட்ட மென்பொருளான கெர்னலைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது.

“சார், ஒரே சர்வர்லதான் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் ஓடுது, யாரோ இடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துற கேமும் ஓடுது. ஒருத்தர் மெமரியை இன்னொருத்தர் எட்டிப் பார்க்காம இருக்க, கெர்னல் நடுவுல ஒரு சுவர் வைக்கணும். அதனால பிராசசருக்கு நூத்துல அஞ்சு பங்கு வேகம் குறையும். அவ்வளவுதான்.”

“அஞ்சா? பட்டனைத் தட்டினா, பக்கம் வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கலாம். நாளைக்குப் புதுக் கஸ்டமர் வராங்க, என் மானம் போகும்.”

“நோயாளிங்க விவரம் வெளிய போனா?”

“இத்தனை வருஷமா போச்சா?”

“அது நம்ம அதிர்ஷ்டம் சார்.”

“அதிர்ஷ்டம் எனக்கு எப்பவும் உண்டு. நீங்க வேலையைப் பாருங்க.”

“எதை மாத்தினாலும் சர்வரை ஒரு தடவை நிறுத்தி எடுக்கணும். அதுக்கு எழுத்துல அனுமதி வேணும்,” என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்: ‘சர்வரை நிறுத்தி, கெர்னல் அமைப்பை மாற்ற அனுமதிக்கிறேன். பொறுப்பு என்னுடையது.’ கையெழுத்தை மட்டும் அரைப் பக்கத்துக்குப் போட்டார்.

இருபது நிமிடத்தில் சர்வர் நின்று, மறுபடி எழுந்தது. மேனேஜர் பட்டனைத் தட்டினார். திரையைப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“பறக்குது பாருங்க. அஞ்சு பங்காம் அஞ்சு பங்கு, ரெண்டு மடங்கு வேகம். படிச்சவங்கள்லாம் எதுக்கு இருக்கீங்களோ.” உடனே முதலாளிக்குப் போன் போட்டார். “அத்தான், நானே உட்கார்ந்து சரி பண்ணிட்டேன்.”

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டவளே அந்தத் தோழிதான்.

“எங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எல்லாம் அந்த ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. அவருக்கு என்ன வியாதின்னு எங்க மாமியாருக்குக்கூட நாங்க சொல்லலை. ஒரு மிரட்டலுக்குப் பயந்து எல்லாத்தையும் திறந்து போட்டுட்டியேடி.” தோழிக்குக் கண் கலங்கியது. “உன்னை இங்க கூட்டிட்டு வந்த என்னைச் சொல்லணும்.”

அவள் நாற்காலியைத் தோழியின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சேர்ந்த அன்னிக்கே பார்த்தேன், அந்தப் பாதுகாப்பு பல வருஷமா ஆஃப்லதான் கிடந்துச்சு. சர்வரை நிறுத்த அனுமதி கேட்டு மூணு தடவை எழுதினேன், அந்த ஆளு படிக்கக்கூட இல்லை. வருஷக்கணக்கா நிறுத்தாத சர்வரை நிறுத்தி எடுத்ததுலதான் இப்ப பறக்குது. இன்னிக்குத்தான்டி அதை ஆன் பண்ணேன்.”